முகவாதம் யாருக்கு வரும்?

பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியர்

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எங்கள் கணக்கு டீச்சர் வழக்கம்போல் முன் வரிசையில் நிற்கவில்லை. தூண் ஓரமாகச் சேலைத் தலைப்பால் வாயை மூடியபடி நின்றிருந்தார். அப்போது அவருக்கு எட்டாம் மாதம். பல்வலி போலும் என்று எண்ணிக்கொண்டோம். முதல் பாடவேளையில் வகுப்புக்கு வந்து, புத்தகத்தில் பக்கம் ஐம்பத்தேழை எடுக்கச் சொன்னார். 'பக்கம்' என்ற சொல் 'ஃபக்கம்' என்றும், 'ஐம்பது' என்ற சொல் 'ஐஃபது' என்றும் காற்றோடு கலந்து வந்தன. பின் வரிசையில் சிலர் களுக்கென்று சிரித்துவிட்டனர். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் தலைப்பை விலக்கினார். முகத்தின் வலப்பக்கம் எங்களுக்குத் தெரிந்த முகமாக இருந்தது. இடப்பக்கம் மட்டும் தூங்குவதுபோல் தொங்கிக் கிடந்தது. இடக்கண் மூடவில்லை. வகுப்பில் அதன்பின் பேச்சு மூச்சு இல்லை. சிரித்தவர்களுள் இக்கட்டுரையை எழுதும் எங்களில் இருவரும் உண்டு.

சனிக்கிழமை காலை பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போதுதான் டீச்சருக்கு முதலில் தெரிந்ததாம். தண்ணீர் இடது கடைவாயால் தானே வழிந்தோடியது. வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால் ஆடிக்காற்று அடித்துவிட்டது என்றனர் வீட்டார். வேப்பெண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்தனர். அடுத்த வீட்டுப் பாட்டி, இது காற்று அல்ல, காத்துக்கருப்பு அறைந்ததுதான் என்று சொல்லிக் கையில் கயிறு கட்டிவிட்டார். இப்படியே நாட்கள் ஓடின. புதன்கிழமை எங்கள் தலைமைச் சகோதரி வற்புறுத்தித் தாமே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்றைக்கு ஆரம்பித்தது?" என்பது. பதிலைக் கேட்டதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாராம். "மூன்று நாளுக்குள் வந்திருக்கக் கூடாதா, அம்மா?" என்றாராம்.

அந்த மூன்று நாள் கணக்கு என்ன என்றும், காற்றுப் பட்டால் முகம் கோணுமா என்றும், ஏன் டீச்சருக்கு வரவேண்டும் என்றும் உயிரியல் சிஸ்டரைத் துளைத்தெடுத்தோம். "என்னைக் கேட்பதைவிட நீங்களே படித்து எழுதுங்கள், ஆண்டு மலரில் போடலாம்" என்று அவர் நூலகத்துக்கு அனுப்பிவிட்டார். மருத்துவக் கல்லூரியில் பயிலும் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் எங்கள் ஐயங்களைத் தீர்த்து உதவினார். அவ்வாறு படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

உங்கள் வலக்கையை விரித்து, மணிக்கட்டு காதுமடலுக்குக் கீழே வருமாறு கன்னத்தின் மேல் வையுங்கள். பெருவிரல் நெற்றிப் பொட்டை நோக்கியும், மற்ற விரல்கள் கண், கன்னம், கீழ்த்தாடை, கழுத்து ஆகியவற்றை நோக்கியும் இருக்கட்டும். முக நரம்பு நம் முகத்தில் ஏறத்தாழ இவ்வாறுதான் ஐந்து கிளைகளாகப் பரவியிருக்கிறது. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் இது ஏழாவது. புருவத்தை உயர்த்துவதும், கண்ணை இறுக மூடுவதும், சிரிப்பதும், உதட்டைக் குவித்து மெழுகுதிரியை ஊதி அணைப்பதும் இதன் வேலைகள். சோற்றை மெல்லும் தசைகள் இதன் ஆட்சியில் இல்லை. கன்னத்தில் கிள்ளினால் வலிப்பதை உணர்த்துவதும் இதன் வேலை அன்று. அவற்றைப் பார்த்துக்கொள்வது ஐந்தாவது நரம்பு. ஆதலால் முகவாதம் கண்டவருக்குக் கன்னத்தில் தொடு உணர்ச்சி இருக்கும். ஆனால் அக்கன்னம் அசையாது.

இந்த நரம்பு கன்னத்துக்கு வந்து சேரும் வழிதான் வேடிக்கையானது. மூளையின் அடியிலிருந்து செவி நரம்போடு சேர்ந்து கிளம்பி, காதை ஒட்டிய எலும்புக்குள் நுழைந்து, அங்கே ஒரு குறுகிய சுரங்கத்தின் வழியாக வளைந்து நெளிந்து செல்கிறது. அச்சுரங்கத்தின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்தான். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ஃபலோப்பியோ என்ற உடற்கூற்று அறிஞர் பெயரால் இது அழைக்கப்படுகிறது. சுரங்கத்தை விட்டுக் காதுக்குப் பின்னே வெளிவந்த பிறகு, பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அந்த உமிழ்நீர்ச் சுரப்பியின் ஊடே புகுந்து, அங்கேதான் ஐந்தாகப் பிரிகிறது.

உடம்பில் வேறெந்த நரம்பும் இவ்வளவு தூரம் எலும்புக்குள் அடைபட்டுச் செல்வதில்லை. சாதாரணமாக ஓர் உறுப்பு வீங்கினால் சுற்றியுள்ள தசை சற்றே இடம் கொடுக்கும். எலும்பு இடம் கொடுக்காது. நரம்பு சிறிது வீங்கினாலும் சுரங்கச் சுவர் அதை நெரிக்கும். நெரிந்தால் அதற்குள் ஓடும் இரத்தம் குறையும். இரத்தம் குறைந்தால் இன்னும் வீங்கும். விரலில் இறுகிய மோதிரம் கழற்ற முடியாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே கதைதான். ஒரே இரவில், அல்லது இரண்டு மூன்று நாட்களுக்குள், முகத்தின் ஒரு பாதி ஓய்ந்துவிடுகிறது.

சுரங்கத்துக்குள் இருக்கும்போதே இந்த நரம்பு சில சிறு கிளைகளைக் கொடுக்கிறது. ஒன்று கண்ணீர்ச் சுரப்பிக்குச் செய்தி கொண்டுபோகிறது. மற்றொன்று காதுக்குள் இருக்கும் மிகச் சிறிய தசை ஒன்றை இழுத்துப் பிடித்துப் பேரொலியை மட்டுப்படுத்துகிறது. இன்னொன்று நாக்கின் முன் பகுதியிலிருந்து சுவையைக் கொண்டுவருகிறது. பள்ளி மணி அடித்தபோதெல்லாம் டீச்சர் இடது காதைப் பொத்திக்கொண்டதும், குழம்பில் உப்பே இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொன்னதும் இதனால்தான் என்று இப்போது புரிகிறது.

ஆங்கில மருத்துவ நூல்கள் இந்நோயை 'பெல்ஸ் பால்சி' என்கின்றன. எங்களில் ஒருத்தி அது ஏதோ மணி சம்பந்தப்பட்டது என்றே நெடுநாள் எண்ணியிருந்தாள். சார்லஸ் பெல் என்பது ஒரு மருத்துவரின் பெயர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1774-ல் பிறந்தவர். ஓவியம் தீட்டுவதிலும் வல்லவர். மனித முகம் கோபத்தையும் மகிழ்ச்சியையும் எவ்வாறு காட்டுகிறது என்பதை ஓவியர்களுக்கு விளக்க 1806-ல் ஒரு நூலே எழுதினார். வாட்டர்லூ போரில் காயமுற்றவர்களுக்கு 1815-ல் அறுவை சிகிச்சை செய்து, அவர்களுடைய காயங்களை வண்ணத்தில் வரைந்து வைத்தார். முகத்தை அசைக்கும் நரம்பு வேறு, முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு என்பதை 1821-ல் லண்டன் ராயல் சங்கத்துக்கு அளித்த கட்டுரையில் விளக்கினார். அவருக்கு முன்பே 1798-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிட்ரிக் என்ற மருத்துவர் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கும் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்து அல்-ராஸி இதைப் பற்றி எழுதிவைத்தார். பெயர் என்னவோ பெல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் நாட்டுச் சித்த, ஆயுர்வேத வைத்தியங்களும் வாத நோய்களுள் ஒன்றாக இதைச் சொல்லிவந்திருக்கின்றன.

இனி, யாருக்கு வருகிறது என்ற கேள்விக்கு வருவோம்.

ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 15 முதல் 30 பேருக்கு இந்நோய் வருகிறது. இது சிறு தொகைபோல் தோன்றினாலும், வாழ்நாள் முழுதும் கணக்கிட்டால் சுமார் 60 பேரில் ஒருவருக்கு என்றாவது ஒருநாள் வரக்கூடும் என்கிறார்கள். அப்படியானால் எங்கள் பள்ளியில் இன்று படிப்பவர்களிலேயே பலருக்குப் பிற்காலத்தில் இது வரலாம். ஆண் பெண் வேறுபாடு அதிகம் இல்லை. எந்த வயதிலும் வரலாம். சிறு குழந்தைகளிடம் குறைவு. வலப்பக்கம் வருவதும் இடப்பக்கம் வருவதும் ஏறத்தாழச் சமம்.

முதல் ஐயம் ஒரு கிருமியின் மேல் விழுகிறது. காய்ச்சல் விட்ட பிறகு சிலருக்கு உதட்டோரத்தில் சிறு கொப்புளங்கள் கொத்தாக வந்து, எரிந்து, காய்ந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதை உண்டாக்கும் வைரஸ் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே நம்முள் புகுந்துவிடுகிறது. கொப்புளம் ஆறினாலும் வைரஸ் சாவதில்லை. நரம்பின் முடிச்சுகளில் போய் ஒளிந்துகொண்டு பல ஆண்டுகள் தூங்குகிறது. முக நரம்பிலும் சுரங்கத்துக்குள் அத்தகைய முடிச்சு ஒன்று உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும் சமயம் பார்த்து அந்த வைரஸ் விழித்து நரம்பை வீங்கச் செய்கிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து. ஜப்பானில் முரகாமி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், அறுவை சிகிச்சை செய்யப்பட்ட 14 நோயாளிகளின் நரம்பு உறைக்குள்ளிருந்து நீரை எடுத்துச் சோதித்து, 11 பேரிடம் இவ்வைரஸின் தடயத்தைக் கண்டதாக 1996-ல் எழுதினர். ஆனால் மனிதரில் பெரும்பாலோருக்கு இவ்வைரஸ் இருக்கும்போது ஏன் சிலருக்கு மட்டும் முகம் கோணுகிறது? வைரஸ் ஒன்றே போதாது, வேறு ஏதோ துணை வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறதல்லவா?

அந்தத் துணைகளுள் ஒன்று கருவுற்றிருத்தல். எங்கள் டீச்சரின் கேள்விக்கு இதுவே பெரும்பாலும் விடை எனலாம். பெல் அவர்களே 1830-ல் இத்தொடர்பைக் கவனித்திருக்கிறார். அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிடக் கருவுற்ற பெண்களுக்கு இந்நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 1975-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதிலும் கடைசி மூன்று மாதங்களிலும், குழந்தை பிறந்த முதல் வாரத்திலும்தான் அதிகம் காணப்படுகிறது. அக்காலத்தில் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. கால் வீங்குகிறது, மோதிரம் இறுகுகிறது. எலும்புச் சுரங்கத்துக்குள் இருக்கும் நரம்பும் அவ்வாறே சற்றுப் பருக்கலாம். வயிற்றில் வளரும் பிள்ளையை உடம்பு அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்காதிருக்க, தாயின் எதிர்ப்புச் சக்தியும் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. தூங்கும் வைரஸுக்கு அது வசதியாகிவிடலாம். இங்கு ஒன்றைத் தாய்மார்கள் குறிப்பாக அறியவேண்டும். கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகும் நிலை உடையவர்களிடம் முகவாதம் கூடுதலாகக் காணப்படுகிறது. சில வேளைகளில் முகம் கோணுவதே அந்த ஆபத்தான நிலையின் முதல் அறிகுறியாக வந்துவிடும். ஆகவே முகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் உடனே சோதிக்கிறார்கள். எங்கள் டீச்சருக்கும் அவ்வாறே சோதித்தார்கள். நல்லவேளையாக இரத்த அழுத்தம் ஏறியிருக்கவில்லை.

இரண்டாவது, நம் நாட்டில் வீட்டுக்கு வீடு பேசப்படும் சர்க்கரை வியாதி. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருப்பதாக 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு கூறியது. இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நரம்புகளுக்கு உணவூட்டும் மெல்லிய இரத்தக் குழாய்கள் கெட்டுப்போகின்றன. பட்டினி கிடக்கும் நரம்பு நெரிசலைத் தாங்காது. முகவாதத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனவருக்கு, சர்க்கரை வியாதி இருப்பதே அன்றுதான் தெரியவந்தது என்பது அடிக்கடி நிகழ்கிறதாம். உயர் இரத்த அழுத்தமும் மிகையான உடல் பருமனும் இதே வரிசையில் சேர்க்கப்படுகின்றன. நாற்பதைத் தாண்டிய நம் பெற்றோர் இதை வாசிக்க நேர்ந்தால், சர்க்கரையும் அழுத்தமும் கடைசியாக எப்போது பார்த்துக்கொண்டார்கள் என்று மகள்கள் கேட்கலாம். கேட்டதில் எங்கள் வகுப்பிலேயே ஒரு தந்தைக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. அவர் எங்கள்மேல் கோபமாக இருக்கிறார் என்று கேள்வி.

அண்மையில் சளி, காய்ச்சல் கண்டவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் வாய்ப்புச் சற்று அதிகம். ஒருமுறை வந்தவர்களில் சுமார் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பேருக்கு மீண்டும் வருகிறது. சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்திருக்கிறது. பிறவியிலேயே அவர்களுடைய எலும்புச் சுரங்கம் குறுகலாக அமைந்திருக்கலாம் என்று ஓர் ஊகம். வினோதமான காரணம் ஒன்றும் உண்டு. சுவிட்சர்லாந்தில் 2000-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மூக்கில் தெளிக்கும் ஒருவகை ஃபுளூ தடுப்பு மருந்து விற்பனைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களிடம் முகவாதம் வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தோன்றவே, அம்மருந்து கைவிடப்பட்டது. இதைக் கேட்டுவிட்டு எல்லாத் தடுப்பு மருந்துகளுக்கும் யாரும் அஞ்சவேண்டாம். அதில் கலந்திருந்த ஒரு துணைப் பொருளின் மீதே ஐயம் விழுந்தது.

அப்படியானால் காற்று? குளிர்ந்த காற்றையும் பருவநிலையையும் இந்நோயோடு தொடர்புபடுத்தப் பல நாடுகளில் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஓரிடத்துக் கணக்கு மற்றோரிடத்துக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. குளிர் நாட்டிலும் வருகிறது, நம் சித்திரை வெயிலிலும் வருகிறது. எங்கள் அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறோம். இந்நோய் பெரும்பாலும் தூங்கி எழும்போது தெரிகிறது. எழுந்தவர் உடனே முந்தின நாளை நினைத்துப் பார்க்கிறார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதவர் யார்? மின்விசிறிக்குக் கீழே படுக்காதவர் யார்? நினைவுக்கு முதலில் வருவது காற்றே. நரம்போ அதற்கு முன்பே வீங்கத் தொடங்கியிருக்கும். காற்றை நம்புவதால் நேரடியாகக் கெடுதல் ஒன்றும் இல்லை. காற்றுக்கு வைத்தியம் செய்துகொண்டு நாட்களைப் போக்குவதில்தான் கெடுதல்.

பேய் அறைந்தது என்பதற்கும் ஒரு காரணம் கண்டோம். நாம் கண்ணை மூடும்போதெல்லாம் விழி மேல்நோக்கி உருளுகிறது. இமை மூடிக்கொள்வதால் அது வெளியே தெரிவதில்லை. முகவாதத்தில் இமை மூடாததால் கருவிழி மேலே போய் மறைந்து, வெண்விழி மட்டும் தெரிகிறது. பெல் இதையும் விவரித்திருக்கிறார். விளக்கில்லாத காலத்தில் இரவில் இதைக் கண்டவர்கள் பயந்ததில் வியப்பில்லை. பாவத்தின் தண்டனை என்று சொல்வோரும் இருக்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் என்ன பதில் சொன்னார் என்பதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் காணலாம். இது தொற்றுநோயும் அன்று. டீச்சர் தொட்ட சுண்ணாம்புக் கட்டியைத் தொடத் தயங்கியவர்களும் எங்களில் இருந்தார்கள்.

முகம் கோணினாலே இந்நோய்தான் என்று முடிவு செய்துவிடக் கூடாது. முதலில் பக்கவாதமா என்று பார்க்கவேண்டும். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆதலால் மூளையின் ஒரு பாதியில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் வாய் கோணும். நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நரம்பே நெரிந்துபோன முகவாதத்தில் அந்தப் பக்கத்து நெற்றி இஸ்திரி போட்டதுபோல் வழுவழுவென்று இருக்கும். இது மருத்துவருக்கு உதவும் அடையாளமே தவிர, வீட்டில் நாமே தீர்ப்புச் சொல்வதற்கு அன்று. கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, பார்வை மங்கினாலோ, தலை கடுமையாக வலித்தாலோ, நெற்றியைச் சோதித்துக்கொண்டிராமல் 108-ஐ அழைக்கவேண்டும்.

அக்கியும் இப்படிச் செய்யும். சிறு வயதில் சின்னம்மை வந்துபோன வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து பிற்காலத்தில் அக்கியாக வருகிறது. காதுக்குள்ளும் காதைச் சுற்றியும் கொப்புளங்களுடன் கடும் வலி வந்து முகமும் கோணினால் அது இந்த வகை. ராம்சே ஹன்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1907-ல் இதை விவரித்தார். இது பெல் சொன்ன நோயைவிடக் கொடியது. முற்றிலும் குணமாவதும் குறைவு. நம் கிராமங்களில் அக்கிக்குக் காவிமண்ணால் எழுதுவார்கள். எழுதட்டும், ஆனால் காதருகே அக்கி கண்டவரை அன்றே மருத்துவரிடமும் அழைத்துப் போகவேண்டும்.

விடுதி மாணவியருக்காக ஒன்று. சிலருக்குச் சிறு வயதுமுதல் காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். பஞ்சை அடைத்துக்கொண்டு காலம் தள்ளுவார்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவோரும் உண்டு. முக நரம்பு நடுக்காதின் சுவரை ஒட்டியே செல்கிறது. அங்கே அதை மூடியிருக்கும் எலும்பு முட்டை ஓட்டைப்போல் மெல்லியது, சிலருக்கு அதுவும் முழுமையாக இருப்பதில்லை. சீழ் அதை அரித்து நரம்பைத் தாக்கினால் முகம் கோணும். இதற்கு மாத்திரை மட்டும் போதாமல் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். தொழுநோயும் முக நரம்பின் கிளைகளைத் தாக்கி இமையை மூடவிடாமல் செய்வதுண்டு. அது இன்று மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய். முகம் மெல்ல மெல்ல, வாரக் கணக்கில், மாதக் கணக்கில் கோணிக்கொண்டே போனால் கட்டி ஏதேனும் நரம்பை அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள். திடீரென்று வருவதுதான் பெல் சொன்ன நோயின் அடையாளம்.

மூன்று நாள் கணக்குக்கு வருவோம். வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று இருக்கிறது, பெயர் பிரெட்னிசோலோன். நரம்பு சுரங்கத்துக்குள் நெரிந்து முற்றிலும் செத்துப்போவதற்கு முன் வீக்கத்தைத் தணிக்கவேண்டும் என்பதே இதன் நோக்கம். பெல் பிறந்த ஸ்காட்லாந்திலேயே 551 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் நோய் கண்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கப்பட்டது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, பிரெட்னிசோலோன் உண்டவர்களில் நூற்றுக்கு 94 பேர் முழுதும் குணமாகியிருந்தனர். அதை உண்ணாதவர்களில் நூற்றுக்கு 82 பேர். வைரஸை எதிர்க்கும் மருந்தை மட்டும் தனியே கொடுத்ததால் பயன் ஏதும் காணவில்லை. வித்தியாசம் பன்னிரண்டு பேர்தானே என்று தோன்றலாம். அந்தப் பன்னிரண்டில் ஒருவர் நமக்கு வேண்டியவராக இருந்தால் தெரியும். அந்த மூன்று நாள் கடந்துவிட்டால் பயன் எவ்வளவு என்று உறுதி சொல்வதற்கில்லை.

இம்மாத்திரையைக் கடையில் நாமாக வாங்கி விழுங்குவது தவறு. அது சர்க்கரையை ஏற்றிவிடும். சர்க்கரை நோயாளிக்கு அளவைக் கண்காணித்தே கொடுக்கவேண்டும். கருவுற்றவருக்கு மகப்பேறு மருத்துவரையும் கலந்தே கொடுப்பார்கள். எங்கள் டீச்சருக்கு ஐந்தாம் நாளில் இரு மருத்துவர்களும் பேசித்தான் கொடுத்தார்கள்.

மாத்திரையைவிடக் கண்ணைக் காப்பது முக்கியம் என்று மருத்துவ மாணவியான அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். மூடாத கண் காய்ந்துபோகும். தூசியோ தலையணையோ உரசினால் கருவிழியில் புண் வரும். புண் தழும்பானால் பார்வை போய்விடும். முகம் சரியாகிக் கண் போனவர்களும் உண்டாம். ஆகவே பகலில் கண்ணீர் போன்ற சொட்டு மருந்தை அடிக்கடி விடவேண்டும். வெளியே போகையில் கண்ணாடி அணியவேண்டும். இரவில் களிம்பு தடவி, இமையை விரலால் இழுத்து மூடி, மேலே மெல்லிய பிளாஸ்திரி ஒட்டிப் படுக்கவேண்டும். கண் திறந்திருக்கும்போது அதன்மேல் பஞ்சை வைத்துக் கட்டக்கூடாது. பஞ்சே கருவிழியை உரசிவிடும். சாப்பிட்டபின் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே சோறு தங்கிவிடும் என்பதால் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். கன்னத்துக்கு மின்சாரம் வைத்தால் சீக்கிரம் குணமாகும் என்று சிலர் சொல்கிறார்கள். அதனால் பயன் உண்டு என்பது நிரூபிக்கப்படவில்லை.

மருந்தே உண்ணாவிட்டாலும் பத்தில் ஏழு பேருக்கு முகம் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. குழந்தைகள் இன்னும் நன்றாகத் தேறுகிறார்கள்; முதியோர் அவ்வளவாக இல்லை. மூன்று வாரங்களுக்குள் சிறிதளவாவது அசைவு திரும்பினால் நல்ல அறிகுறி. கயிறு கட்டியதும், எண்ணெய் தடவியதும், பச்சிலை வைத்ததும் பலித்தன என்று ஊரார் நம்புவதற்கு இந்தப் பத்தில் ஏழுதான் காரணம் என்று நினைக்கிறோம். மீதி மூவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த மீதி மூவரில் ஒருவரை உலகம் அறியும். கனடா நாட்டின் பிரதமராக 1993 முதல் 2003 வரை இருந்த ழான் கிரெத்தியேன், பத்தொன்பது பிள்ளைகள் பிறந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பதினெட்டாவதாகப் பிறந்தவர். இளமையில் முகவாதம் கண்டு அவருடைய வாய் ஒருபக்கமாகக் கோணியே நின்றுவிட்டது. 1993 தேர்தலின்போது எதிர்க்கட்சிகள் அனைத்தையும் சமாளிக்கவேண்டிய நிலையில் இருந்த அன்றைய ஆளுங்கட்சி, அவருடைய கோணிய முகத்தைப் பெரிதாகக் காட்டி, இவரா பிரதமர் என்று கேட்பதுபோல் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் செய்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கட்சியினரே முகம் சுளித்தனர். விளம்பரத்தை உடனே நிறுத்த வேண்டியதாயிற்று. வேறு பல காரணங்களும் இருந்தன என்றாலும், தேர்தல் முடிந்தபோது ஆண்டுகொண்டிருந்த அக்கட்சிக்கு நாடாளுமன்றத்தில் எஞ்சியவை இரண்டே இடங்கள். இதைப் படித்த அன்று, பின் வரிசையில் சிரித்த நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஆசிரியர் அறைக்குப் போய் நின்றோம். டீச்சர், "நானே கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன், போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆவணியில் டீச்சருக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான்காவது வாரத்தில் இடப்புருவம் துடிக்கத் தொடங்கியது. தையில் விடுப்பு முடிந்து வந்தபோது 'ப'வும் 'ம'வும் சரியாக வந்தன. முகத்தை உற்றுப் பார்த்தாலன்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மதிய உணவு வேளையில் டீச்சருடைய இடக்கண்ணிலிருந்து மட்டும் நீர் வடிகிறது. அறுந்துபோன நரம்பு இழைகள் மீண்டும் வளர்ந்தபோது, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகவேண்டியவற்றுள் சில வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டனவாம். குழம்பில் காரமா, டீச்சர், என்று முதல் நாள் கேட்டோம். இப்போது கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவள் கைக்குட்டையை எடுத்து நீட்டுகிறாள். டீச்சர் துடைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்.